இலவசமாகத் திருத்தினாலும் பொறுப்பு உண்டு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. தூக்கி எறிய மனமில்லாதவர்கள், கணினி தெரிந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத்தான் தேடிப் போகிறார்கள். அவர்களும் காசு வாங்காமல் லினக்ஸ் போட்டுத் தருகிறார்கள், வட்டை மாற்றுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேலை முடிந்து கணினியைத் திறக்கும்போது உள்ளே இருந்ததைக் காணோம் என்றால் யார் பதில் சொல்வது?

இந்தச் சேவை இந்தியா, இலங்கை என இரு நாட்டிலும் வெவ்வேறு மண்ணில் வளர்ந்தது. தமிழ்நாட்டில் உதிரிப் பாகத்துக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் சிற்றூர் வீடுகளிலும் கணினியைக் கொண்டுவந்து வைத்தன. அவை பழுதாகும்போது கைகொடுக்கத் தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள்.

இலங்கையில் தட்டுப்பாடுதான் இந்தச் சேவையை வளர்த்தது. 2022-இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. புதுக் கணினி எட்டாக்கனியானபோது, கொழும்பு யூனிட்டி பிளாசாவில் ஒரு பாகம் வாங்கிப் பழையதையே ஓட்டினார்கள். வடக்கில் பழைய மாணவர் சங்கங்கள் வழியாகவும் வெளிநாட்டு உறவினர் வழியாகவும் வந்த பழைய கணினிகளைத் திருத்திப் பாடசாலைகளுக்குக் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

தரவு எங்கே தொலைகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் கணினியைக் கொடுத்துவிட்டு, “தம்பி, கடைக் கணக்கு மட்டும் போயிடக் கூடாதுப்பா” என்கிறார். தம்பி டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் நகலெடுத்துவிட்டு சி டிரைவை ஃபார்மட் செய்கிறார். டாலி கணக்கோ சி டிரைவிலேயே வேறொரு ஃபோல்டரில் இருக்கிறது. அது போய்விடும். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டிய கணக்கு அது.

யாழ்ப்பாணத்தில் கேள்வி வேறு: “தம்பி, படங்கள் எல்லாம் இருக்கும்தானே?” இடப்பெயர்வில் ஆல்பங்களை இழந்த குடும்பங்களுக்கு, வெளிநாட்டு உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பிய படமே மிஞ்சிய ஒரே படமாக இருக்கலாம். ஆவணங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம், விண்டோஸைப் புதிதாக நிறுவியபின் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தரவு அழியவில்லை, எழுத்துருதான் இல்லை. அது தெரியாமல் கோப்பையே நீக்கிவிட்டால் இழப்பு நிலைத்துவிடும். தமிழ்நாட்டில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளுக்கும் இதே கதிதான்.

இனி சட்டம். இரு நாட்டு நுகர்வோர் சட்டங்களும் இங்கே பெரிதாக உதவாது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசச் சேவையை வெளிப்படையாகவே விலக்குகிறது. இலங்கையின் 2003-ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் விலை கொடுத்துப் பெறுபவரை வைத்தே எழுதப்பட்டது. இதைக் கேட்டு நிம்மதி அடையும் தன்னார்வலர்கள் மற்றச் சட்டங்களையும் பார்க்க வேண்டும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 151-ஆம் பிரிவு, பிறர் ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பது போலக் காக்கச் சொல்கிறது. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அளவுகோல் ஒன்றே. அது கணினி என்ற பொருளுக்கு. உள்ளிருக்கும் தரவுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு இருக்கிறது: உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தரவை அழித்தால் இழப்பீடு. அந்தச் செயலை நேர்மையற்றோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றி வேண்டுமென்றே செய்வதைக் குற்றமாக்குகிறது. கவனக்குறைவால் வந்த இழப்புக்கு, நாட்டின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியில்தான் போக வேண்டும். அங்கே தவறு நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் வேறொரு கண்டிப்பு உண்டு. இந்தியாவில் கைமாறு இல்லாத வாக்குறுதி பொதுவாக ஒப்பந்தமாகாது. இலங்கையில் கைமாறு கட்டாயமில்லை. நியாயமான காரணத்தோடு மனமறிந்து கொடுத்த வாக்கு செல்லும் என்பதை 1918-இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்தியது. ஆகவே “ஒண்டும் அழியாது, நான் பொறுப்பு” என்று ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சுக்கு அங்கே எடை கூடுதல்.

வழிகள் வேறாக இருந்தாலும் இரு நாட்டுச் சட்டங்களும் அனுமதி இருந்ததா, கவனம் இருந்ததா என்றே கேட்கின்றன. “தரவு போனால் நாங்கள் பொறுப்பல்ல” என்று ஒரு வரி எழுதி ஒட்டுவது இதற்குப் பதிலாகாது. எந்தச் சட்டமும் போன படத்தைத் திருப்பித் தராது. எஸ்எஸ்டி வட்டில் ஃபார்மட் செய்தபின் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

எனவே தன்னார்வலர்களே, தொடும் முன் முழு வட்டையும் இன்னொரு வட்டில் நகலெடுங்கள். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் வராமல் பயோஸைத் தொடாதீர்கள். டிக் டிக் என்று சத்தமிடும் வட்டை ஓடவிடாமல் நிறுத்தித் தரவு மீட்பவர்களிடம் அனுப்புங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எது அழியக்கூடும், நகல் எத்தனை நாள் உங்களிடம் இருக்கும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். கணினியைக் கொடுப்பவர்களே, எந்த மென்பொருளில் கணக்கு வைக்கிறீர்கள், எந்த எழுத்துருவில் எழுதுகிறீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். நகலெடுக்கும் வசதி இல்லையென்றால் அன்றைக்கு அந்தக் கணினியைத் திறக்க வேண்டாம்.