ருமாலெ சென்னபசவையாவின் மர ஓவியங்கள்

பெங்களூர் ஓவியர் ருமாலெ சென்னபசவையா (1910–1988) விடுதலைப் போராட்டத்திலும் இதழியலிலும் பல்லாண்டுகள் ஈடுபட்டுப் பின்னரே தூரிகைக்குத் திரும்பியவர். அதனால் அவரைப் பொழுதுபோக்கு ஓவியர் எனக் கருதுதல் பொருந்தாது. பூத்த மரத்தின் முன்னிருந்தே அவர் வரைந்தார். மலர்ச்சியோ சில வாரங்களே நிலைப்பது. எனவே, தொல்காப்பியம் முதற்பொருள் என வகுத்த நிலமும் பொழுதுமே இவ்வோவியங்களின் அடிப்படை எனலாம்.

அவர் வரைந்தவற்றுள் ஜகரண்டா தென்னமெரிக்காவிலிருந்தும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. அயல்மரங்களாயினும், தலமரத்தை வணங்குவோரின் பத்திமையோடு அவற்றை அவர் நோக்கியுள்ளார். கடவுளுருவம் இன்றியும் இவற்றில் சமயவுணர்வு புலப்படுவது இதனாலேயே ஆகும். சாலை விரிவாக்கத்தால் பெங்களூரின் மரங்கள் பல வீழ்ந்துவிட்ட இன்று, இவை கலைப்படைப்புகளாக மட்டுமன்றி, அந்நகரின் சான்றுகளாகவும் நிற்கின்றன.