தோடிக்கு ஒரு சக்கரம்

நவராத்திரியில் மந்தைவெளி ஃப்ளாட் ஒன்றில் சுண்டலுக்காக உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பெண், பத்து வயசிருக்கும், கொலுவுக்குப் பக்கத்தில் கீபோர்டை வைத்துக்கொண்டு மோகனத்தில் ஒரு கீதம் வாசித்தாள். பிசிறில்லாமல் வந்தது. ஹம்ஸத்வனியும் அப்படியே. அப்புறம் தாத்தா ஆசைப்பட்டார் என்று தோடி. ஸ்வரம் ஒன்றுகூடத் தப்பில்லை. தோடி மட்டும் வரவில்லை.

"எல்லாம் சரியாத்தான் வாசிக்கறா. ஆனா என்னமோ குறையறதே, என்ன சார் அது?" என்றார் தாத்தா.

கணக்கு டாலி ஆகிறது, கல்லாவில் காசைக் காணோம். அந்த நிலைமைதான். குறைவது கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கும். கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்தினால் நட்டுவைத்த லைட் கம்பம் மாதிரி நிற்கிறது. தோடியின் ஏழு ஸ்வரங்களையும் அசைக்காமல் வாசித்தால் கிடைப்பது ஐரோப்பிய சர்ச் சங்கீதத்தின் பழைய ஃப்ரிஜியன் ஸ்கேல். சங்கராபரணத்தை அப்படி வாசித்தால் வெள்ளைக்காரர்களின் மேஜர் ஸ்கேல். தீட்சிதரின் நொட்டுஸ்வரங்கள் இந்த ஜாதிதான். மோகனமும் ஹம்ஸத்வனியும் ஓரளவு நேராக நின்றாலும் பொறுத்துக்கொள்ளும். தோடி, சஹானா, பேகடா எல்லாம் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடும்.

1968-ல் அமெரிக்காவில் வெண்டி கார்லோஸ், 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' என்று பாக்கின் இசையை மூக் சின்தசைசரில் வாசித்து ரெக்கார்டு போட்டார். அந்த மிஷினில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் வரும். ஒவ்வொரு வரியாக டேப்பில் பதிந்து அடுக்கினார். மூன்று கிராமி கிடைத்தது. பாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய சரக்கு ஸ்வரங்களும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற விதமும். பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கிறது. நம் சரக்கு இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கிறது. காகிதத்திலும் இல்லை, கட்டையிலும் இல்லை.

1982-ல் பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், ரோலண்ட் மிஷின்களை வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் வாசித்தார். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிற வசதி அதில் ஒரு மிஷினில் இருந்தது. அப்போது சீந்துவார் இல்லை. 2010-ல் மறுபடி வந்தபோது ஐரோப்பா தலையில் வைத்துக் கொண்டாடியது. கலாவதி, அதாவது நம் வலஜி, கேட்க ஜாலிதான். ஆனால் பத்து ராகத்துக்கும் ஒரே மாதிரி டிரம் தட்டினால் மூன்றாவதிலேயே கண்ணைக் கட்டுகிறது. வழுக்குவது வேறு, அசைவது வேறு.

ஆடாத கட்டை மேல் நமக்குப் பழைய கோபம் உண்டு. ஹார்மோனியத்தை பாரதியார் திட்டினார். 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ தடையே போட்டது. அது தளர 1971 ஆயிற்று. அதனால் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சத்யநாராயணன் என்ற சென்னைச் சிறுவன் கீபோர்டோடு கச்சேரி மேடையில் உட்கார்ந்தபோது பல புருவங்கள் உயர்ந்ததில் ஆச்சரியமில்லை.

அவர் வாசிப்பைக் கேட்கும்போது இடது கையைக் கவனியுங்கள். வலது கை கட்டைகளில் ஓடுகிறது. இடது கை ஓரத்தில் இருக்கும், சுருதியை வளைக்கிற சக்கரத்தில். ராக் இசைக்காரர்கள் கிடார் மாதிரி இழுத்துக் காட்ட அதைத் திருகுவார்கள். அதை வைத்துக்கொண்டு காந்தாரத்தை அசைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கையை எடுத்தால் சக்கரம் டக்கென்று நடுவுக்கு ஓடிவிடும். எவ்வளவு திருக வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது கடையில் கிடைக்காது. பாட்டு கற்றுக்கொண்டு வருவது.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை. எவர் வாசித்தாலும், கீபோர்டில் வீணை சத்தத்தைப் போட்டு வளைக்கும்போது ரப்பர் வீணை ஆகிவிடுகிறது. நிஜ வீணையில் தந்தியை இழுத்தால் நாதம் வளையும், குடம் வளையாது. கீபோர்டு பதிவுசெய்த சத்தத்தைக் குடத்தோடு சேர்த்து வளைக்கிறது. எதன் சாயலும் இல்லாத ஒரு சின்தசைசர் குரலில் வாசித்தால் அது தன் சொந்தக் காலில் நிற்கிறது. வேஷம் எதற்கு?

'எலெக்ட்ரானிக் சமாசாரமெல்லாம் சங்கீதமா' என்கிற மயிலாப்பூர் ரசிகர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நீங்கள் கேட்கிற எத்தனை கச்சேரிகளில் தம்பூரா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது? அதுவும் எலெக்ட்ரானிக்தான். போதாக்குறைக்கு அதற்குக் காதும் கிடையாது.

தாத்தாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "முதல்ல குழந்தைக்குப் பாட்டு சொல்லி வைங்க மாமா. கீபோர்டு மாத்தறப்போ சக்கரம் இருக்கறதா பார்த்து வாங்குங்க" என்றேன்.

தீபாவளிக்கு மறுநாள் போன் செய்தார். தி.நகரில் வாங்கிவிட்டாராம்.

"சக்கரம் இருக்கு சார். எதுக்குன்னு கடைக்காரப் பையனைக் கேட்டேன். 'அது எல்லா மாடல்லயும் வரும் சார், யாரும் தொட மாட்டாங்க'ங்கறான்."