ஆட்டத்துக்கு முன்பே ஓர் ஆராய்ச்சி

விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் வழங்கப்படாத, அமெரிக்கச் சிறு கல்லூரிகள் பல இடம்பெறும் மூன்றாம் பிரிவு ஆடவர் டென்னிஸில், வரவிருக்கும் போட்டிகளைக் குறித்து முன்கூட்டியே எழுதப்படும் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம், பிரதிபலன் கருதாத சிரத்தையின் அழகை எண்ணி என் மனம் நெகிழ்கிறது. இரட்டையர் ஆட்டம் மூன்று, ஒற்றையர் ஆட்டம் ஆறு, இவற்றுள் ஐந்தை வென்ற அணிக்கே ஜயம் என்று நெடுங்காலம் வழங்கிவந்த முறையில், முதலிடத்து வீரரின் கீர்த்தியில் மயங்கிவிடாமல், ஐந்தாம் ஆறாம் இடங்களில் ஆடும் மாணவர்களின் பலாபலத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பவரே இக்கலையில் தேர்ந்தவர். இரட்டையரில் 2-1 என முந்திய அணிக்கு ஒற்றையரில் மூன்று வெற்றிகள் போதும், பிந்தியதற்கோ நான்கு வேண்டும் என்ற சூட்சுமத்தை விளக்கிவிட்டு, மிச்சிகன் குளிருக்கு அஞ்சி உள்ளரங்கில் பயின்றவர் கலிபோர்னியாவின் வெயிலிலும் காற்றிலும் எப்படி ஆடுவார் என்பதையும் அவர் யோசிக்கிறார். 1976-இல் இப்பிரிவின் முதல் சாம்பியன் பட்டத்தைப் பெற்ற காலமசூ கல்லூரியின் பாரம்பரியம் போன்றவையும் அவர் கணக்கில் சேரும். கணிப்பு சில வேளை பொய்க்கலாம். ஆயினும், காண்போர் சிலரேயான ஆட்டத்தையும் இவ்வளவு கருத்தோடு ஆராய்வது உத்தமமான ரசனை என்பதில் ஐயமில்லை.