டிஃபரன்ஷியலுக்கு ஒரு முட்டு

2004ஆம் ஆண்டு மாடலாக காடிலாக் சி.டி.எஸ்-வி வந்தபோது, அதன் 5.7 லிட்டர் வி8 எஞ்சினையும் 400 குதிரைத்திறனையும் மெச்சியவர்கள், வெகு சீக்கிரமே பின்சக்கரத் துள்ளலைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார்கள். கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டியின் பின்பக்கம் தடதடவென்று அதிரும். சில கார்களில் டிஃபரன்ஷியலே உடைந்தது. அதற்கு உரிமையாளர்களும் சிறு பட்டறைகளும் கண்ட வைத்தியங்களில் ஒன்று, இரும்பில் ஒரு முட்டு செய்து டிஃபரன்ஷியல் ஹவுசிங்கைச் சப்-ஃப்ரேமோடு கட்டிவிடுவது.

யோசனையில் நியாயம் இருக்கிறது. டயர் தரையைக் கவ்வும்போது ஆக்சில் முறுக்கேறுகிறது, ரப்பர் புஷ் நசுங்குகிறது, டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்புகிறது. டயர் வழுக்கியதும் தேங்கிய முறுக்கெல்லாம் விடுபடுகிறது. டயர் மறுபடி கவ்வுகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். எஞ்சின் தரும் 535 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, முதல் கியரில் 2.66 மடங்காகி, கிரவுன்-பினியனில் இன்னும் 3.73 மடங்காகும்போது 5,300ஐத் தொடுகிறது. ஹவுசிங்கைத் தாங்கும் இடங்கள் முன்னும் பின்னும் அரை மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் தாங்கியாக வேண்டும். கிளட்சை உதறும் அதிர்ச்சி இந்தக் கணக்கில் வரவில்லை. பழைய ரப்பர் இதைத் தாங்காது.

ஆகவே ஹவுசிங் ஆடுகிற வண்டியில் முட்டு பலன் தரும். செலவும் குறைவு: கொஞ்சம் குழாய், தகடு, நல்ல வெல்டர். ஆனால் ஆடுவது ஹவுசிங்தானா என்று பார்த்துவிட்டுச் செய்பவர்கள் எத்தனை பேர்? வண்டிக்கு அடியில் செல்போனைக் கட்டி ஸ்லோ மோஷனில் ஒரு தடவை படம் எடுத்தால் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் வெல்டிங் மெஷினை எடுப்பதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய கோளாறு.

அடுத்த கோளாறு அளவில் வருகிறது. வெல்டிங் சூட்டில் குழாய் வளையும். ஆறியபின் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கும். போல்ட்டை நெம்பி இறுக்கினால் பொருந்தத்தான் செய்யும். ஆனால் வண்டி நிற்கும்போதே வார்ப்பு உலோகத்தாலான ஹவுசிங் காது இழுபட்டிருக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறியிருக்கும். விரிசல் அந்தக் காதில்தான் முதலில் விழும். நீள்துளை போட்டு, ஷிம் வைத்து, இழுவிசை இல்லாமல் பூட்டுவதுதான் சரியான வேலை. பளபளவென்று பெயின்ட் அடித்த பல முட்டுகளில் அந்த நிதானம் இருப்பதில்லை.

கியரின் ‘ஙீ...’ என்ற முனகல் ரப்பர் வடிகட்டாமல் நேராகக் கேபினுக்கு வருவது இன்னொரு விலை. பந்தய வண்டியில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். தினமும் வேலைக்குப் போகும் காரில் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

2009 மாடலில் அதே நிறுவனம் என்ன செய்தது என்பது எனக்குச் சுவையான பாடம். சூப்பர்சார்ஜரோடு 556 குதிரைத்திறன். துள்ளல் இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். பொறியாளர்கள் இரண்டு பின் ஆக்சில்களையும் சமமற்றவையாக்கினார்கள்: ஒன்று 55 மில்லிமீட்டர் விட்டம், மற்றது 35. முறுக்கேறி விடுபடும் வேகம் இருபக்கமும் வேறுபடுவதால், அதிர்வுகள் கைகோத்துக்கொண்டு பெருகுவதில்லை. எங்கும் இறுக்கிக் கட்டும் முட்டுக்காரர்களின் புத்தி இந்தத் திசையில் போவதே இல்லை.

அதற்காக முட்டை ஒதுக்கிவிட மாட்டேன். தேய்ந்த புஷ்ஷை முதலில் மாற்றிப் பார்த்து, அப்போதும் மூக்கு எழும்பினால் செய்யலாம். செய்தபின் சில வேகப் புறப்பாடுகளுக்கு ஒருமுறை போல்ட் இறுக்கத்தைப் பார்த்து, வெல்டிங் ஓரங்களில் சாய ஊடுருவல் சோதனையும் நடத்த வேண்டும். முட்டு தாங்கினாலும், அது பூட்டிய சப்-ஃப்ரேம் தாங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியவரும்.