அச்சிட்ட வாழ்த்தும் கையெழுத்தும்: ஹால்மார்க் கிறிஸ்துமஸ் காதல் திரைப்படங்களில் முன்னறிதன்மை

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் ஹால்மார்க் அலைவரிசை கிறிஸ்துமஸ் பருவத்தில் ஒளிபரப்பும் காதல் திரைப்படங்கள் யாவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை என்பது அவற்றின்மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறையாகும். இம்முன்னறிதன்மையை, படைப்போருக்கும் பார்ப்போருக்கும் இடையிலான உடன்பாடாகக் கொள்வதே பொருத்தம் என இக்கட்டுரை வாதிடுகிறது. அவ்வுடன்பாட்டைக் காக்க எவை, எவர் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சித் திரைப்படம், வாய்பாடு, முன்னறிதன்மை, ஹால்மார்க், இன்பமுடிவு

முன்னுரை

பெருநகரில் பணியாற்றும் பெண் ஒருத்தி டிசம்பர் மாதத்தில் சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேர்கிறாள். அங்கே அடுமனையோ, விடுதியோ, கிறிஸ்துமஸ் மரத் தோட்டமோ நடத்தும் ஒருவனைச் சந்திக்கிறாள். முதலில் பூசல், பின்னர் இருவரும் சேர்ந்து ஊர்விழாவுக்கு ஏற்பாடு செய்கின்றனர். முத்தமிட நெருங்கும் வேளையில் யாரேனும் குறுக்கிடுகின்றனர். இறுதிக்குச் சற்று முன்பு ஒரு தவறான புரிதல் எழுந்து தீர்கிறது. பனி பொழிய, தடைபட்ட முத்தம் நிறைவேறுகிறது. இச்சுருக்கம் ஒரு படத்தினுடையதன்று. பல பத்துப் படங்களுக்குப் பொருந்துவது. முடிவு தெரிந்த கதையை ஆண்டுதோறும் மக்கள் விரும்பிப் பார்ப்பது ஏன் என்னும் வினாவிலிருந்து இவ்வாய்வு தொடங்குகிறது.

வாழ்த்து அட்டையிலிருந்து திரைக்கு

இப்படங்களின் இயல்பை அறிய, அவற்றை வழங்கும் நிறுவனத்தின் தோற்றத்தை நினைவுகூர்தல் வேண்டும். ஹால்மார்க் நிறுவனம் 1910ஆம் ஆண்டு கேன்சஸ் நகரில் ஜாய்ஸ் ஹால் தொடங்கிய பட அஞ்சலட்டை வணிகத்திலிருந்து வளர்ந்தது. 1951 டிசம்பர் 24 அன்று, மெனோட்டி இயற்றிய 'அமாலும் இரவு விருந்தினரும்' என்னும் இசைநாடகம் அதன் ஆதரவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 2001இல் ஹால்மார்க் அலைவரிசை அப்பெயரைப் பெற்றது. 2009இல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்னும் பருவகால வரிசை தொடங்கியது.

வாழ்த்து அட்டையின் வாசகம் ஆயிரக்கணக்கானோருக்கு ஒன்றேயாக முன்னரே அச்சிடப்பட்டது. ஆயினும் பெறுபவர் அதைப் பொதுவாசகமாகக் கருதுவதில்லை; அனுப்பியவரின் கையெழுத்து அதைத் தனக்குரியதாக்குகிறது. 'தி கிறிஸ்துமஸ் கார்டு' (2006) படம் இவ்வியல்பையே கதையாக்கியுள்ளது. ஆப்கானிஸ்தானில் பணியாற்றும் படைவீரன் ஒருவனுக்கு முன்பின் அறியாத பெண் எழுதிய அட்டை கிடைக்கிறது. அவன் அவளது ஊரான கலிபோர்னியாவின் நெவாடா சிட்டிக்கு வருகிறான். இருவரும் இணைவர் என்பதைப் படத்தின் தலைப்பே கூறிவிடுகிறது. எனினும் அவன் அவ்வூர்த் தெருவில் காலடி வைக்கும்போது நாம் ஆவலுடன் பார்க்கிறோம். 'என்ன நிகழும்?' என்னும் ஐயம் நீங்கிய இடத்தில் 'எவ்வாறு நிகழும்?' என்னும் ஆவல் எழுகிறது.

உடன்பாடும் பார்ப்போரும்

வாய்பாட்டுக் கதைகள் தரும் நிறைவு, பழகிய வடிவத்தின் பாதுகாப்பிலிருந்து பிறப்பது என்பதை ஜான் கவெல்ட்டி 1976இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில், காதல் புதினம் படிக்கும் பெண்களுள் சிலர் முடிவுப் பக்கங்களைப் பார்த்த பின்னரே நூலை வாங்கியதைப் பதிவுசெய்தார். அவர்களுக்கு முடிவை அறிதல் சுவையைக் கெடுப்பதாக இல்லை. சுவைக்கத் தொடங்குவதற்கான முன்நிபந்தனையாக இருந்தது.

தொலைக்காட்சியின் நடைமுறையும் இதற்குத் துணைசெய்கிறது. இரண்டு மணிநேர ஒளிபரப்பில் படம் ஏறத்தாழ 85 நிமிடங்களே, எஞ்சியது விளம்பரம். பரிசுப் பொதிகளைக் கட்டியவாறும், சமையலறைக்குச் சென்று மீண்டும் பார்க்கலாம், கதை கைநழுவாது. இப்படங்களுள் பல கோடைகாலத்தில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற இடங்களில், செயற்கைப் பனியைக் கொண்டு எடுக்கப்படுபவை. தடித்த கம்பளியாடை அணிந்து நிற்கும் நடிகர்களின் வாயிலிருந்து ஆவி எழாதது கண்டு பார்ப்போர் புன்னகைக்கின்றனர், ஏமாந்ததாக எண்ணுவதில்லை. உடன்பாட்டில் அதுவும் அடக்கம்.

தமிழ் வாசகருக்கு இம்மனநிலை புதிதன்று. அகப்பாடலில் முதல், கரு, உரி ஆகியன மரபால் வரையறுக்கப்பட்டவை. தலைவனும் தலைவியும் பெயர் பெறாதவர். மரபை அறிந்த வாசகர் அதற்குள் நிகழும் நுண்ணிய வேறுபாட்டையே நுகர்கிறார். இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்போ தரநிகரோ கற்பித்தல் நோக்கமன்று. அகமரபில் பிரிவும் இரங்கலும் தமக்கெனத் திணை பெற்றவை. ஹால்மார்க் மரபிலோ பிரிவு இருபது நிமிடங்களுக்குள் தீரவேண்டிய இடையூறு மட்டுமே. மரபுடைமை என்பதே குறையாகாது. மரபு எவற்றுக்கு இடந்தருகிறது என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

வெளியே நிறுத்தப்படுவன

'கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்' (2014) படத்தின் நாயகி ஒரு மருத்துவர். பாஸ்டனில் எதிர்பார்த்த சிறப்புப் பயிற்சி கிட்டாமல், அலாஸ்காவின் கார்லண்ட் என்னும் கற்பனையூருக்கு வருகிறாள். பின்னர் பாஸ்டன் வாய்ப்பு தேடிவந்தும் கார்லண்டில் தங்கவே முடிவெடுக்கிறாள். அவள் தொழிலைத் துறக்கவில்லை. நோயாளரை அணுகி அறியும் மருத்துவராகிறாள் என்பதைப் படம் நேர்மையாகவே காட்டுகிறது. ஆயினும் பெரிய இலக்கும் அன்பும் ஒருங்கே இயலுமா என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. இத்தகைய படம் ஒன்று இவ்வாறு முடிந்தால் அது ஒரு பெண்ணின் தெரிவு. பெரும்பாலானவை இவ்வாறே முடியும்போது அது அறிவுரையாகிறது.

சிற்றூரின் பொருளியலும் இத்தகையதே. நலிந்த விடுதியை ஒரு விழா மீட்டுவிடுகிறது. எல்லாக் கடைகளிலும் விளக்கெரிகிறது. 2010க்கும் 2020க்கும் இடையே அமெரிக்க ஊரகப் பகுதிகளின் மொத்த மக்கள்தொகை குறைந்தது. திரையிலோ ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பிவருகின்றனர். இதைப் பொய் எனத் தள்ளுவதினும், இழப்பை அறிந்தோரின் ஏக்கம் எனக் கொள்வது பொருந்தும். ஆனால் இழப்பின் காரணம் ஒருபோதும் பேசப்படாததால் அவ்வேக்கம் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது.

மிகத் தெளிவான சான்று, யாருடைய காதல் காட்டப்பட்டது என்பதாகும். 2019 டிசம்பரில் இரு பெண்கள் மணந்து முத்தமிடும் விளம்பரத்தை இவ்வலைவரிசை நிறுத்தியது; கடும் எதிர்ப்புக்குப்பின் தன் முடிவைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கோரியது. 2020இல் 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில் ஓர் ஆண் இணையர் துணைக்கதையில் இடம்பெற்றனர். 2022இல் 'தி ஹாலிடே சிட்டர்' அத்தகைய இணையரை மையக்கதைக்குக் கொண்டுவந்தது. அப்படம் வாய்பாட்டை மீறவில்லை: நகரத்திலிருந்து வருபவன், அண்டைவீட்டான், குழந்தைகள், இன்பமுடிவு அனைத்தும் உள்ளன. அதன் சிறப்பும் அதுவே. துன்பத்தையே தம் கதையின் முடிவாகப் பலமுறை திரையில் கண்டவர்களுக்கு, ஐயமற்ற இன்பமுடிவு சலிப்பூட்டுவதன்று. காலந்தாழ்ந்து கிடைத்த உரிமை.

முடிவுரை

இப்படங்களின் கவர்ச்சியும் முன்னறிதன்மையும் தனித்தனியானவை அல்ல. முன்னறிய இயல்வதாலேயே அவை கவர்கின்றன. எனவே 'முடிவு முன்னரே தெரிகிறதே' என்னும் குறைகூறல் திறனாய்வாகாது. அம்முடிவு எவருக்கு உறுதியளிக்கப்படுகிறது, அதற்கு எவர் எதனை விட்டுக்கொடுக்கின்றனர் என்பனவே கேட்கத்தக்கவை. அட்டையின் வாசகம் பழையதாக இருக்கலாம். உறையின்மீது எவருடைய பெயர் எழுதப்படுகிறது என்பதில்தான் அதன் வரலாறு உள்ளது.