அம்மாவோடு உள்ளே, ஆறு வயது வரை

இந்தியில் ஒரு பையன் ‘நான் போகிறேன்’ என்றாலே, பேசுவது ஆணா பெண்ணா என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் அந்த வம்பு இல்லை. பெண்கள் சிறையிலேயே வளர்ந்த சில பையன்கள் தங்களைப் பெண்பாலில் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் காதில் விழுந்தது பெண்களின் பேச்சு மட்டும்தான். அம்மாவோடு கோர்ட்டுக்குப் போகும் வழியில் தெருவில் திரியும் விலங்குகளைப் பார்த்து மிரண்டார்கள். ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்த விவரங்கள் இருக்கின்றன.

சிறைக் குழந்தைகளுக்கு இன்றுவரை அரண் அந்தத் தீர்ப்புதான். 6 வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம்; அதைக் கைதியைப் போல நடத்தக் கூடாது. 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் காப்பகம், அதற்கு மேல் நர்சரி, முடிந்தால் இரண்டும் மதிலுக்கு வெளியே. பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது. பள்ளியில் சேர்க்கப் போகிற நாளில் இந்தக் கடைசி விதியின் அருமை தெரியும். பால்குடி மறக்காத பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்காததும் சரியான முடிவே.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு இந்தியச் சிறைகளில் இருந்தார்கள். அந்தப் பெண்களில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணமாகாத தாயின் இடுப்பில்தான் பெரும்பாலான சிறைக் குழந்தைகள் இருக்கின்றன. பிள்ளையோடு உள்ளே இருக்கும் பெண்களின் வழக்குகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் உத்தரவுதான். குழந்தைகள் காப்பகத்தின் சுவரில் கரடி பொம்மை வரைந்து திறப்பு விழா நடத்தலாம். வாய்தாவைக் குறைப்பதற்கு யார் ரிப்பன் வெட்டுவது?

ஜாமீன் சட்டமும் பெண்களுக்குக் கொஞ்சம் இளகியே இருக்கிறது. கடும் குற்றமானாலும் பெண் என்றால் ஜாமீனில் விடலாம் என்கிறது. விட‘லாம்’ என்பதுதான் சிக்கல். பெரிய அளவில் கஞ்சா பிடிபட்ட வழக்கென்றால் அந்த ‘லாம்’ கூட எளிதில் கிடைக்காது. ஜாமீன் கிடைத்த பிறகும் பிணைதாரரைத் தேட வேண்டும். கணவன் விட்டுப்போன, ஊர் ஒதுக்கிவைத்த ஒருத்திக்காகச் சொத்துக் காகிதத்தோடு யார் வருவார்கள்? ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகை தரலாம் என்றது அது. நல்ல திட்டம்தான். ஆனால், போதைப்பொருள் வழக்குகளை அது விலக்கிவைத்தது. நாலு பொட்டலத்தோடு பிடிபட்டவளின் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

பிரேசில் இதையே தலைகீழாக அணுகியது. கர்ப்பிணிகளும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தாய்மார்களும் விசாரணைக் காலத்தில் வீட்டுக்காவலில் இருக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வன்முறைக் குற்றங்களுக்கும் சொந்தப் பிள்ளைக்கு எதிரான குற்றங்களுக்கும் விலக்கு. கீழ் நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை, சாக்குகளைத் தேடின. ஆனாலும், ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று காரணம் சொல்லும் பொறுப்பு நீதிபதியின் தலையில் ஏறியது. நம் ஊரிலோ, ஏன் அனுப்ப வேண்டும் என்று தாய்தான் மன்றாட வேண்டும்.

6 வயது முடிந்த பிறகு? பிள்ளை உறவினரிடமோ அரசு இல்லத்துக்கோ போகும். இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க விட வேண்டும் என்கிறது தீர்ப்பு. தமிழ்நாட்டில் சிறைக்குப் போய்ப் பார்ப்பதற்கு ‘மனு பார்ப்பது’ என்று பெயர். தூத்துக்குடியில் ஒரு பாட்டி, பேரனைக் கூட்டிக்கொண்டு மதுரைச் சிறைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஒருநாள் கூலி போச்சு, பஸ் காசு தனி, பையனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. இத்தனையும் தடுப்புக்கு அந்தப்புறம் நிற்கும் அம்மாவோடு சில நிமிடம் பேசத்தான். அவனுக்கு இந்த 1,764-இல் இடமில்லை. உள்ளே இருக்கும் குழந்தைகளைத்தான் எண்ணுகிறார்கள்.

இப்படித் தாயைப் பிரிந்து வளர்ந்த ஒரு பிள்ளையைப் பார்ப்போம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட நளினி, சிறைவாசத்தின்போதுதான் 1992-இல் மகளைப் பெற்றார். சோனியா காந்தி அந்தக் குழந்தைக்காகப் பரிந்து பேசினார். 2000-இல் நளினியின் தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையானது. தாய் என்பதற்காக உயிர் மிஞ்சியது. பெற்ற பிள்ளை வளர்ந்ததோ வேறெங்கோ. 2019-இல் மகளின் கல்யாண ஏற்பாட்டுக்குப் பரோல் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நளினியே வாதாடினார். கேட்டது 6 மாதம். நீதிமன்றம் தந்தது ஒரு மாதம்.