சிற்றுருவக் கலை: மரபுகளும் அளவைகளும்

பெரிய பொருளொன்றின் வடிவத்தை விகிதம் கெடாமல் சிறிதாக்கி, அதற்குரிய வண்ணத்தைத் தீட்டி நிறுத்துவது சிற்றுருவக் கலை. கைக்குள் அடங்கும் மண்பொம்மை, கொலுப்படியில் நிற்கும் கல்யாண ஊர்வலம், நத்தார்க் காலப் பாலன் குடிலின் இடையர்கள், மேசைமேல் நிற்கும் மாதிரி விமானம் ஆகிய எல்லாம் இதனுள் அடங்கும். தமிழில் இதன் தடம் பழையது. தச்சர் வீட்டுச் சிறுவரும் ஆசைப்படும்படி செய்யப்பட்ட சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. தொழில் தெரிந்த வீட்டுப் பிள்ளையே விரும்பும் வேலைப்பாடு என்பது தரத்துக்கு நல்ல அளவுகோல். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதிப் பருவத்தின் பெயரும் சிறுதேர்தான்.

இக்கலையின் மரபுகள் பல. மண், மரம், ஈயம், பிளாஸ்ரிக் எனப் பொருள் மாறுகிறது. வழிபாடு, விளையாட்டு, வரலாற்றுப் பதிவு எனப் பயனும் மாறுகிறது. ஆனால் எல்லா மரபும் ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன: சிறிதாக்கும்போது எதை அப்படியே குறைப்பது, எதை விடுவது, எதைச் சற்று மிகுத்துக் காட்டுவது?

அளவும் விகிதமும்

சிற்ப நூல்களின் விடை தாளமானம். முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலம். ஓர் அங்குலம் எட்டு யவம். இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று. உருவத்தின் முகத்திலிருந்தே பிறக்கும் அலகு அது. எனவே மூன்று விரற்கடை உயரமான படிமத்துக்கும் கோபுரத்துச் சுதையுருவத்துக்கும் ஒரே கணக்குப் பொருந்தும். உத்தம தசதாளத்தில் உருவம் 124 அங்குலம். மத்திம தசதாளத்தில் 120. அதம தசதாளத்தில் 116. சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு முதலாவது, தேவியர்க்கு இரண்டாவது. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். தலை பெருத்து உடல் குறுகிய குழந்தை வடிவு அந்த ஐந்து தாளக் கணக்கால் வருவது.

நவீன மாதிரிகளின் விடை பின்ன அளவு. 1/72 என்றால் அசலின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே இந்த அளவில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் நிற்பான். 168 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் 1/72 இல் 23 மில்லிமீற்றரும் 1/35 இல் 48 மில்லிமீற்றரும் ஆவார். விமானங்களுக்கு 1/72, 1/48, 1/32 ஆகியவையும் பெரிய பயணிகள் விமானங்களுக்கு 1/144 உம் வழக்கில் நிலைத்தவை.

இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாடு கவனத்துக்குரியது. தாளமானம் உருவத்தின் உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்துகிறது. பின்ன அளவு மாதிரியை வெளியில் உள்ள ஓர் அசலோடு பொருத்துகிறது. முன்னதில் தவறினால் உருவம் அழகிழக்கும். பின்னதில் தவறினால் மாதிரி பொய்யாகும்.

தென்னிந்திய மரபுகள்

தமிழ்நாட்டில் கொலுப் பொம்மைக்குப் பேர்பெற்ற இடங்களில் பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி ஆகியவை முதன்மையானவை. வேலைமுறை ஏறக்குறைய ஒன்றே. முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் பிசைந்த களிமண்ணை அழுத்தி, இரண்டையும் ஒட்டி, விளிம்பைச் சீவி, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவார்கள். காகிதக் கூழில் செய்வது பாரம் குறைந்தது, உடையவும் மாட்டாது. சுட்ட உருவத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தளம். அதன்மேல் உடல் நிறம், உடை, நகை, கடைசியில் முகம். விளாச்சேரிக் குயவர்கள் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளும் மார்கழியில் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான உருவத் தொகுதிகளும் செய்கிறார்கள். ஒரே கைப்பழக்கம் இரு சமயத்தார் வீட்டுக்கும் போகிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் சிறப்பு வண்ணத்தோடு எடையிலும் உண்டு. அடிப்பகுதி வளைந்து கனத்திருப்பதால் எப்பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். மரப்பாச்சி இதற்கு நேரெதிர்: செஞ்சந்தன மரத்தில் ஆணும் பெண்ணுமாகக் கடைந்த, வண்ணமே பூசாத இணை. ஆந்திரத்துக் கொண்டபள்ளியில் பொனிகி என்னும் மிக மென்மையான மரத்தைச் செதுக்கி, உறுப்புகளைத் தனித்தனியே செய்து ஒட்டுவார்கள். புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த மக்கு இடைவெளியை நிரப்பும். தசாவதாரமும் அம்பாரி யானையும் கிராமக் காட்சிகளும் அவர்களின் நிலையான பொருள்கள்.

கொலுவின் காட்சித் தொகுதிகளுக்குத் தனி இடம் உண்டு. செட்டியார் கடை, கல்யாணம், கிராமத்துச் சந்தை எனப் பல உருவங்கள் சேர்ந்து ஒரு நிகழ்வைச் சொல்கின்றன. இங்கே ஒவ்வொரு பொம்மையின் வேலைப்பாட்டையும்விட அவை ஒன்றையொன்று பார்த்து நிற்கும் முறை முக்கியம். ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஊரில் வாங்கிய பொம்மைகளின் அளவு ஒத்துவராது. மாப்பிள்ளையைவிட நாதஸ்வரக்காரர் பெரிதாக நிற்பார். கொலு அதைப் பொறுத்துக்கொள்ளும். ஏனெனில் படிவரிசை உயர்வு தாழ்வைக் காட்டுகிறது, உண்மையான உயரத்தை அன்று.

கிருஷ்ணநகர்

தெற்காசியாவில் உள்ளதை உள்ளபடி காட்டும் சிற்றுருவத்தின் உச்சம் வங்காளத்துக் கிருஷ்ணநகர். பதினெட்டாம் நூற்றாண்டில் நதியா அரசர் கிருஷ்ணசந்திரரின் ஆதரவில் வளர்ந்த அவ்வூரின் கூர்ணிப் பகுதிக் குயவர்கள், தெய்வ உருவம் செய்த கையாலேயே வண்ணார், நாவிதர், தபாற்காரர், சிப்பாய், பிச்சைக்காரர் என வாழும் மனிதரைச் செய்தார்கள். அச்சை நம்பாமல் கையால் உருவாக்கிய முகங்கள் அவை. நரம்பும் சுருக்கமும் வயதும் தெரியும். உடைக்கு உண்மையான துணியையே பயன்படுத்துவதும் உண்டு. 1851 இல் இலண்டனில் நடந்த மகா கண்காட்சியில் ஸ்ரீராம் பாலின் உருவங்கள் இடம்பெற்றன. லக்னோவிலும் பூனாவிலும் இதே காலத்தில் இவ்வகை உருவங்கள் செய்யப்பட்டன. பண்ருட்டி மரபு ஒரு வகையைக் காட்டுகிறது. கிருஷ்ணநகர் மரபு ஒரு மனிதரைக் காட்டுகிறது.

யாழ்ப்பாணத்து மரபு

யாழ்ப்பாணத்தில் இக்கலை வளர்ந்த இடம் கோயில். உடுவில் பிரதேசத்தில் அதன் சான்றுகள் அடுத்தடுத்து உள்ளன. கந்தரோடையில் பெருந்தூபியின் அங்கங்களைச் சிறிய அளவில் கொண்ட கல்தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் மரத்தாலான சிற்றுருவங்களைத் தட்டுத் தட்டாகச் சுமக்கிறது. தேர்ப்பீடத்திலும் மஞ்சத்திலும் உள்ள உருவங்கள் பெரும்பாலும் ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் இடைப்பட்டவை. நிலத்தில் நின்று நிமிர்ந்து பார்ப்பவருக்காகச் செய்யப்படுவதால் கண்ணும் மூக்கும் இதழும் ஆழமாக வெட்டப்படும்.

வாகனங்களில் வண்ண வேலை மிகுதி. குதிரை, இடபம், மயில், அன்னம், மூஷிகம் ஆகியவற்றை மரத்தில் செதுக்கி, மூட்டுகளை அடைத்து, வழவழப்பாகத் தேய்த்து, அடிப்பூச்சின்மேல் பல தடவை நிறம் ஏற்றுகிறார்கள். இராவணன் மலையைத் தாங்கும் கைலாச வாகனம் இம்மரபின் அளவுச் சிந்தனைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்துத் தலையும் இருபது கையுமுள்ள அரக்கனும் அவன் தாங்கும் மலையும் ஒரே உருவத்துள் அடங்குகின்றன. மலை மலையின் அளவில் இல்லை. ஆனால் அரக்கன் சுமக்கும் பாரம் அவன் தோளில் தெரிகிறது. அளவைக் குறைத்தாலும் பாரத்தைக் குறைக்காத வேலை அது.

பறக்கும் மாதிரிக்கும் குடாநாட்டில் ஒரு மரபு உண்டு. வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் ஏறும் பட்டங்கள் பல வடிவின. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப்போட்டியில் விமானம், கப்பல் முதலிய கனவடிவப் பட்டங்களும் ஏறுகின்றன. மூங்கிற் சலாகையும் நூலும் கடதாசியுமாக அமையும் இவற்றில் பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சை சரியாகக் கட்டப்படாவிட்டால் எவ்வளவு அழகான வடிவும் தலைகுத்தும். மேசையில் நிற்கும் மாதிரிக்கு அசலோடு ஒப்புமை முதல் விதி. காற்றில் நிற்கும் மாதிரிக்குப் பாரமும் சமநிலையும் முதல் விதி. ஒப்புமை அவற்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஈய வீரரிலிருந்து பிளாஸ்ரிக் விமானத்துக்கு

ஐரோப்பிய மரபு ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரத்துத் தட்டையான வெள்ளீய வீரர்களோடு பதினெட்டாம் நூற்றாண்டில் விரிவடைந்தது. அடுத்த நூற்றாண்டில் அங்கு 30 மில்லிமீற்றர் உயரம் பொது அளவாயிற்று. வெவ்வேறு பட்டறையின் வீரர்கள் ஒரே அணியில் நிற்க அது வழி செய்தது. 1893 இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வார்ப்பைக் கொண்டுவந்தது. பாரமும் விலையும் குறைந்தன. 54 மில்லிமீற்றர் உலகளாவிய அளவாயிற்று.

விமானத்தில் 1/72 அளவு 1930களில் மரத்தாலான தொகுதிகளோடு வேரூன்றியது. 1936 இல் ஃபிரொக் நிறுவனம் பென்குவின் என்ற பெயரில் அதே அளவில் பிளாஸ்ரிக் தொகுதிகளை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தை நிழலுருவால் இனங்காண வீரரைப் பயிற்றுவிக்க இந்த அளவே பயன்பட்டது. 1942 இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவரைக் கொண்டு இத்தகைய மாதிரிகளைப் பெருந்தொகையாகச் செய்வித்தது. 1939 இல் தொடங்கிய எயர்பிக்ஸ் 1953 இல் ஸ்பிற்பயர் விமானத்தை வெளியிட்டது. ஜப்பானின் தமியா மரமாதிரிகளை விட்டு 1960 இல் பிளாஸ்ரிக்குக்கு மாறியது. 1963 இல் பிரித்தானியாவில் சர்வதேச பிளாஸ்ரிக் மாதிரியாளர் சங்கம் உருவாயிற்று.

இலங்கை வானமும் இம்மரபுக்குப் பொருள் தந்தது. 1942 ஏப்ரல் 4 இல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு அறிவித்த கொக்கல கற்றலினா பறக்கும் படகு, மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைக் காத்த ஹரிக்கேன்கள் ஆகியவை மாதிரியாளர் விரும்பிச் செய்பவை. குடாநாட்டுக்கு நெருங்கியது எயர் சிலோனின் டகோட்டா. 1947 டிசம்பர் 10 இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதல் சேவை நடந்தது. சிறகின் முனைக்கு முனை ஏறத்தாழ 29 மீற்றர் உள்ள அந்த விமானம் 1/72 இல் 40 சென்ரிமீற்றரும் 1/144 இல் 20 சென்ரிமீற்றரும் ஆகும்.

வண்ண முறைகள்

சிறிய உருவத்தில் வெளிச்சமும் சிறிதாகிறது. அசலில் மூக்கின் கீழும் துணிமடிப்பிலும் விழும் நிழல் 23 மில்லிமீற்றர் உருவத்தில் கண்ணுக்கு எட்டாது. அதனால் நிழலையும் ஒளியையும் தீட்டியே காட்ட வேண்டியிருக்கிறது. 1970களிலும் 80களிலும் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் பரப்பிய முறையில், நீர்த்த கடும்வண்ணம் பள்ளங்களில் ஓடவிடப்படும்; ஏறக்குறைய உலர்ந்த தூரிகை மேடுகளை வருடும். அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயின் காட்சியமைப்பைக் கதை சொல்லும் கலையாக வளர்த்தார். 2000களில் எழுச்சி பெற்ற ஸ்பானிய முறை, ஒரே நிறப் பரப்பையும் ஒளி மேலிருந்து விழுவதுபோல் வெளிர்நிறத்திலிருந்து கடுநிறத்துக்குப் படிப்படியாக மாற்றியது. உருவங்களில் எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்ந்து இழைய இடம் தரும். அக்ரிலிக் விரைவில் உலர்வதால் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும்.

விமானத்தில் நிறத்தின் கடுமையும் குறைக்கப்படும். நாற்பது சென்ரிமீற்றர் மாதிரியைக் கைத்தொலைவில் பார்ப்பது அசலை வெகுதூரத்தில் பார்ப்பதற்கு ஒப்பு. தூரத்தில் நிறங்கள் வெளுத்துத் தெரியும். அசலின் வண்ணத்தை அப்படியே பூசினால் மாதிரி இருண்டுவிடும். தடிப்பும் அத்தகையதே. 1/72 மாதிரியில் சிறகின் பின்விளிம்பு அரை மில்லிமீற்றர் தடித்தால் அசலில் அது 36 மில்லிமீற்றர். தேர்ந்த கைவினைஞர் அதைத் தேய்த்து மெலிவிப்பார்.

முகத்தில் எல்லா மரபும் ஒன்றுபடுகின்றன. கோயிற் படிமத்தில் சிற்பி கடைசியாகச் செய்வது கண் திறத்தல். சிங்கள பௌத்தரின் நேத்திர மங்கல்யமும் அதுவே. பொம்மைக்காரரும் கண்ணைக் கடைசியாகத் தீட்டுவதே வழக்கம். பார்வை பிழைத்தால் மற்ற வேலை எடுபடாது.

தரம் கணிக்கும் முறை

போட்டிகளில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் கொடுப்பது. மற்றது ஒவ்வொரு படைப்பையும் நிலையான தரத்தோடு ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் கொடுப்பது. இதில் எத்தனை பேரும் தங்கம் பெறலாம். உருவப் போட்டிகளில் இரண்டாவது முறை வழக்கு. விமானத்தில் நடுவர் முதலில் அடிப்படையைப் பார்ப்பார்: இரு சிறகும் நேராக உள்ளனவா, இணைப்புக் கோடு மறைந்ததா, கண்ணாடிக் கூரையில் பசைக்கறை உண்டா, ஒட்டுப்படத்தின் விளிம்பு தெரிகிறதா. அதன் பின்னரே வண்ணமும் கற்பனையும். உருவத்தில் ஒளியின் திசை ஒன்றாக உள்ளதா, தோலும் துணியும் உலோகமும் வேறுவேறாகத் தெரிகின்றனவா என்பவை முதற் கேள்விகள். வாகனம் செய்பவரும் மூட்டு, வழவழப்பு, விகிதம், கண் என்ற வரிசையிலேயே வேலையை மதிப்பிடுகிறார்.

குடாநாட்டில் இக்கலைக்கு வேண்டிய கைத்திறன் இருக்கிறது. குறைவாக இருப்பது அளவுப் பதிவு. ஒரு மாதிரி செய்ய வரைபடம் வேண்டும். வரைபடத்துக்கு அசலை அளந்தவர் வேண்டும். நாற்சார் வீடு, துலாக் கிணறு, மாட்டுவண்டி, கட்டுமரம், பழைய வாகனங்கள் ஆகியவற்றை நீளம், அகலம், உயரம், பொருத்து, நிறம் என்ற முறையில் அளந்து வரைந்து வைப்பது முதற்பணி. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணிப் பாய்க்கப்பலும் அந்த வரிசையில் சேர வேண்டியது. பாடசாலைகளில் சித்திரமும் கணிதமும் தச்சும் சேரும் பாடமாக இதை அமைக்கலாம். அளவு எழுதப்பட்ட பொருளை, அசல் அழிந்த பின்னரும் எந்த அளவிலும் திரும்பச் செய்ய முடியும்.